பாலாற்றின் நீர்த்தேக்கம் மணல்தான்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் உருவாகி, 348 கி.மீ. கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆற்றின் நீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் வளாகமும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் நம்பியிருப்பது அந்த நீரைத்தான்.

கடலோர நிலத்தடி நீரின் கணக்கு கறாரானது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் விலகி நிற்கும் என்கிறது நிலநீரியல். அந்த ஒரு மீட்டர் இறங்கினால், உப்பு பல மடங்கு மேலேறும். உவர்ப்பான கிணறு எளிதில் மீளாது.

வயலூர் தடுப்பணை அந்த ஒரு மீட்டரைக் காக்கும் முயற்சி, வரவேற்கத்தக்கது. ஆனால், 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் பாய்ந்தது. அதில் தடுப்பணை தேக்குவது சிறு பங்கே. எஞ்சியதில் இயன்றதை உறிஞ்சிச் சேமிக்க வல்லது ஆற்றுமணல் மட்டுமே.

நெம்மேலியில் பெரும் மின்செலவில் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். செலவின்றி நீரைக் காக்கும் மணலை இழப்பது என்ன சிக்கனம்? முகத்துவாரப் பகுதியில் மணல் அள்ளுவதை முற்றிலும் தடுப்பதும், உறிஞ்சப்படும் நீரின் அளவையும் கிணறுகளின் உவர்ப்பையும் மாதந்தோறும் வெளியிடுவதும் அரசின் உடனடிக் கடமை.