பாஸ் கேட்காதீர்கள், டிக்கெட் வாங்குங்கள்



நம் குடும்பக் குழுவில் ஒரு வாரமாக நடக்கும் பேச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நண்பர்களோடு பேண்டு வைத்து, சொந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒருவர், "சினிமா சான்ஸ் ஏதாவது வந்துச்சா?" என்கிறார். இன்னொருவர், "கூட்டாளிகளால கெட்டுப்போறான்" என்கிறார். இரண்டும் தவறு. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வரலாறு. அமெரிக்காவின் வாஷிங்டனில் ஒரே பள்ளியில் படித்த இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன் இருவரும் இன்னும் இரண்டு நண்பர்களோடு 'டீன் ஐடில்ஸ்' என்ற பேண்டு நடத்தினார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஓடியது. 1980-இல் கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்த்த பணம் சுமார் 600 டாலர் கையில் இருந்தது. பிரித்தால் தலைக்கு 150. அவர்கள் பிரிக்கவில்லை. அந்தப் பணத்தில் தங்கள் பாட்டை இசைத்தட்டாகப் போட்டார்கள். உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். 'டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்' பிறந்தது அப்படித்தான். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, லாபத்தில் பேண்டுகளுக்குப் பங்கு. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

கவனியுங்கள்: பேண்டு கலைந்தது, கூட்டாளிகள் கலையவில்லை.

"எல்லாரும் மெக்காய் ஆக முடியுமா சார்?" என்பீர்கள். முடியாது. பெரும்பாலான பேண்டுகள் கலைந்துதான் போகும். ஆனால் ஆம்ப்ளிஃபயரை யார் தூக்குவது, ஹாலுக்கு முன்பணம் யார் கட்டுவது, வாசலில் யார் காசு வாங்குவது, கூட்டம் வராத நாளில் நஷ்டத்தை எப்படிப் பங்கு போடுவது, இதையெல்லாம் சண்டை போட்டு, சமாதானமாகி, அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டு இதைச் சொல்லித்தர முடியாது. மேடையில் டிரம்ஸ் வாசிப்பவன் தாளம் தவறினால் மற்றவர்கள் அந்த நொடியே அவனைத் தாங்கியாக வேண்டும். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பிள்ளைக்கு உதவினால் தண்டித்தோம். இங்கே உதவாவிட்டால் பாட்டே நின்றுவிடும்.

அடுத்து, காசு. வேலைக்குப் போகிறானா, வீட்டுக்குப் பணம் தருகிறானா என்று பெற்றவர்கள் கேட்கட்டும். அது அவர்கள் உரிமை. நாம் கேட்கிறோமே, நம்மில் எத்தனை பேர் அவன் கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போயிருக்கிறோம்? "நம்ம வீட்டுப் பையன்தானே, ஒரு பாஸ் கொடுப்பா." "கல்யாணத்துக்கு வந்து சும்மா நாலு பாட்டு வாசிச்சிட்டுப் போ." சமையல்காரரிடம் இப்படிச் சொல்வோமா? ஓசியில் கேட்டுவிட்டு, "இதுல என்ன வருமானம்?" என்று கேட்க நமக்கு எப்படி வாய் வருகிறது?

மெக்காய் பின்னர் சேர்ந்து நடத்திய 'ஃபுகாசி' 1987 முதல் 2002 வரை பல நாடுகளில் ஆயிரம் கச்சேரிகளுக்கு மேல் வாசித்தது. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான். எந்த வயதினரும் வரலாம். பள்ளிப் பிள்ளையாலும் கொடுக்க முடிகிற விலை. ஆனால் விலை உண்டு.

ஆகவே, உறவுகளே, அடுத்த கச்சேரி எப்போது என்று அவனிடமே கேளுங்கள். டிக்கெட் வாங்குங்கள். பின்வரிசையிலாவது உட்கார்ந்து கடைசி வரை கேளுங்கள். பாட்டு பிடிக்கவில்லையென்றால் அதையும் அவனிடம் நேரில் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வான். கேட்காமலே குழுவில் தீர்ப்பு எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள்.

வெளியூர்களில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் ஊரிலும் இப்படி வாசிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தேடிப் போய்க் கேளுங்கள்.