பிள்ளையாருக்குச் சாக்லேட், கறிக்கடைக்குப் பூட்டு

பெங்களூரில் பண்டிகை நெருங்குகிறது என்பதற்கு முதல் அறிகுறி மாநகராட்சியின் கால்நடைத் துறை வெளியிடும் சுற்றறிக்கை. இன்ன தேதியில் ஆடு மாடு அறுக்கவும் இறைச்சி விற்கவும் தடை. ராம நவமி, மகாவீரர் ஜெயந்தி, புத்த பூர்ணிமா, கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, காந்தி ஜெயந்தி என்று பட்டியல் நீள்கிறது. 2022 ஏப்ரல் 10 ராம நவமிக்கு வந்தபோது கொஞ்சம் சலசலப்பு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 விநாயகர் சதுர்த்திக்கும் வந்தது. 2025 ஆகஸ்ட் 27 சதுர்த்திக்கு மீண்டும் வந்தபோது பெரிதாகச் சண்டை போடக்கூட ஆளில்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தப் பழகிப்போன மௌனம்தான்.

அதே சதுர்த்தியன்று கறிக்கடைக்கு நாலு கடை தள்ளியிருக்கும் இனிப்பகத்தைப் பாருங்கள். கொழுக்கட்டை கையால் பிடிக்கப்பட்ட காலம் போய் அச்சில் வார்க்கப்படுகிறது. பூரணம் இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட். பக்கத்துத் தட்டில் குல்கந்து, பிஸ்தா, ஓட்ஸ், சிறுதானியம். சர்க்கரை சேர்க்காத பேரீச்சம்பழ மோதகமும் உண்டு. பிள்ளையாரின் ரத்தச் சர்க்கரை அளவில் இந்த ஊருக்கு அவ்வளவு அக்கறை. யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி வாங்கப் போனால் அன்னாசியா, கேரட்டா, சாக்லேட்டா என்று கேட்கிறார்கள். பருப்பு ஒப்பட்டு வேண்டும் என்றால் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஓண விருந்து மூடிபோட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் வீட்டுக்கு வருகிறது, சுருட்டிய வாழையிலையும் கூடவே. டிசம்பரில் ஏசு பிறப்புக்கு நகரமே சிவப்பு வெல்வெட் கேக் வெட்டுகிறது. இவற்றில் எதுவும் மரபைக் கெடுத்ததாக எந்தத் துறையும் சுற்றறிக்கை விட்டதில்லை. விடவும் வேண்டாம். சாமிகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்பவர்கள். கறிக்கடைக்காரர் மட்டும் ஏன் அந்த ஒரு நாள் ஊரின் புனிதத்துக்கு ஜாமீன் நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

புனித உணவு என்று நாம் நம்புவதன் வயதைக் கொஞ்சம் பார்ப்போம். இது என் பழைய பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். வைட்ஃபீல்டிலும் மாரத்தஹள்ளியிலும் வட இந்திய உணவகங்கள் நவராத்திரிக்கு விரதச் சாப்பாடு போடுகின்றன. அரிசி கூடாது, கோதுமை கூடாது, ஆகவே ஜவ்வரிசிக் கிச்சடி. அதில் என்ன இருக்கிறது? ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சைமிளகாய். ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வருவது. மரவள்ளி, உருளை, கடலை, மிளகாய் நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸுக்கு முன் இந்தியாவில் எந்த முனிவரும் இவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. மரவள்ளியைத் தெற்கில் பரப்பியவர்களில் ஒருவர் 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாக அவர் ஊக்குவித்த கிழங்கு அது. அந்தக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து முத்தாக்கி வறுக்கும் ஆலைகள் சேலத்தில் 1940-களில் கிளம்பின. இன்று மகாராஷ்டிரத்துப் பாட்டி ஏகாதசிக்குச் சாப்பிடும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலத்துக்காரன் லாரியில் ஏற்றி அனுப்பியது. தானியம் இல்லை, ஆகவே விரதத்துக்கு ஆகும் என்று யாரோ ஒரு புத்திசாலி சாஸ்திரத்தில் சந்து கண்டுபிடித்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

பெங்களூரின் சொந்தப் பண்டிகையும் இதே கதைதான். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடி நந்தி கோயில் தெருவில் கடலேகாய் பரிஷே என்ற கடலைத் திருவிழா நடக்கும். மலை மலையாக வேர்க்கடலை. பச்சையாக, அவித்து, வறுத்து. சுற்றுக் கிராமங்களின் கடலைக் காட்டை ஒரு காளை மேய்ந்து அழித்ததாம், அடித்தால் கல்லாகிவிட்டதாம், அன்றிலிருந்து முதல் விளைச்சல் அதற்கே. கோயிலைக் கட்டியது 16-ஆம் நூற்றாண்டில் கெம்பேகவுடர் என்பார்கள். கடலை இந்தியாவுக்குக் கப்பலில் வந்ததும் அந்த நூற்றாண்டில்தான் என்கிறார்கள், அதற்கு முன் இல்லை. வந்து இறங்கிய கையோடு அதற்குத் தலபுராணம் கிடைத்துவிட்டது! மதுரையில் மல்லிகைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் மரியாதை கிடைத்திருக்காது.

ஆக, பண்டிகைத் தட்டு நானூறு வருஷமாக மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் மாறாமல் கிடக்கும் ஒரு பொருள் உண்டென்றால் அது கறி. கன்னட நாட்டில் யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடகு. வேப்பம்பூவும் வெல்லமும் முதல் நாள், மட்டன் மறுநாள். மைசூர் சாலைக் கறிக்கடைகளில் விடியுமுன்பே வரிசை நிற்கும். 2022-இல் இந்த நாளை வைத்து ஹலாலா ஜட்காவா என்று பெரிய ரகளை நடந்தது. அப்போது கொடி பிடித்த இந்து அமைப்புகள்கூட எப்படி அறுப்பது என்றுதான் சண்டை போட்டன. பண்டிகைக்குக் கறி தின்னலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. 2025-இல் ஹொசதொடகும் ரம்ஜானும் ஒரே நாளில், மார்ச் 31-இல் வந்தன. ஆறாம் நாள் ராம நவமி, பத்தாம் நாள் மகாவீரர் ஜெயந்தி, இரண்டுக்கும் கடையடைப்பு. பத்து நாளுக்குள் ஊர் முழுக்கப் பண்டிகைக் கறி, ஊர் முழுக்கப் பண்டிகைத் தடை.

இதைவிடக் கூத்து 2024 அக்டோபர் 2. அன்று காந்தி ஜெயந்தி, கறிக்கடை மூடல். அன்றே மஹாளய அமாவாசை. தென் கர்நாடகத்தில் பல சமூகத்தார் மூத்தோருக்குப் படையல் வைக்கும் காலம் அது. படையலில் மட்டன் இல்லையென்றால் தாத்தா வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். செத்துப்போனவருக்குக் கறி வைப்பது மதமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் இருந்தவர் மாநகராட்சியின் கால்நடைத் துறை இணை இயக்குநர். தாத்தாவுக்குக் கறி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதுதான்.

2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள கர்நாடகத்தாரில் 78.9 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். இந்த எண்ணை நான் ஏற்கெனவே பல தடவை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். நூற்றில் எழுபத்தொன்பது பேர் அசைவம் தின்கிற மாநிலத்தில் மீதி இருபத்தொன்றின் தட்டுதான் அரசாங்கத்தின் தட்டு. 2024 டிசம்பரில் மண்டியாவில் கன்னட சாகித்ய சம்மேளனம் நடந்தபோது அறிவிப்பில் மது, புகையிலை, அசைவம் மூன்றையும் ஒரே வரியில் தடைசெய்தார்கள். ராகி உருண்டையும் நாட்டுக்கோழிச் சாறும் பெயர்பெற்ற மண்டியாவில்! பாடூட்டம், அதாவது கறி விருந்து, வேண்டும் என்று மக்கள் கிளம்பிய பிறகுதான் விஷயம் அசிங்கம் என்று அமைப்பாளர்களுக்கு உறைத்தது.

உடனே வந்துவிடுவார்கள், உச்ச நீதிமன்றம் 2008-இலேயே ஒப்புக்கொண்டதே என்று. ஆமாம், அகமதாபாத்தில் சமணர்களின் பர்யூஷண விழாவுக்கான ஒன்பது நாள் இறைச்சிக்கூட மூடலை நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு சரி என்றார். அக்பரையே சாட்சிக்கு இழுத்தார். அக்பர் சில நாள் தானும் கறி சாப்பிடாமல் இருந்தார், அது அவர் பெருமை. கறிக்கடைக்காரரின் ஒரு நாள் கூலியை அரசாங்கம் சாப்பிடுவது என்ன பெருமை? பிறர் மனம் புண்படும் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. திரை போட்ட கடையைப் பார்த்துப் புண்படும் மனம் எதைப் பார்த்தாலும் புண்படும்.

ஒரே ஒரு தடைக்கு நான் தலைவணங்குகிறேன். 2025 ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை, எலஹங்கா விமானப்படைத் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் இறைச்சி விற்கவோ பரிமாறவோ கூடாது என்றார்கள். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. கழிவுக்குப் பருந்து வரும், பருந்து விமானத்தில் மோதும். 1937 விமான விதிகளில் 91-ஆவது விதி. காரணம் உண்டு, எல்லை உண்டு, சட்டப் பிரிவு உண்டு. ராம நவமிக்கு எந்தப் பருந்து எதில் மோதுகிறது?

தமிழ்நாட்டு வாசகர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். திருவள்ளுவர் தினத்தன்று சென்னையில் கறிக்கடை மூடுகிறோம். அது மாட்டுப் பொங்கல் நாள். பகுத்தறிவுக் கட்சிகள் மாறி மாறி ஆண்டும் அந்தப் பூட்டைத் திறக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தீபாவளி காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் இனம் நாம். அதிலாவது யாரும் கைவைக்காமல் இருக்கட்டும்.

பண்டிகை வயிற்றைக் காப்பாற்ற அரசுக்கு அவ்வளவு ஆசையென்றால் வேலை நிறையக் கிடக்கிறது. 2024-இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 செயற்கை நிறங்களால் பாதுகாப்பற்றவை. சிவப்பு வெல்வெட்டும் அதில் இருந்தது. அதே ஆண்டு 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 தேறவில்லை. கோபி மஞ்சூரியன் சுத்த சைவம் என்பதைக் கவனிக்கவும். ஊரின் ஆரோக்கியமும் புனிதமும் மட்டன் கடையில் கெடவில்லை, நிறம் போட்ட தட்டில் கெடுகின்றன. பண்டிகைத் தடைப் பட்டியலை மொத்தமாகக் கிழித்துப்போட்டு, அதை அமல்படுத்தும் ஊழியர்களை இனிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும்.

செய்ய மாட்டார்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியையும் ஐந்தாகப் பிரித்தாகிவிட்டது. ஐந்து மாநகராட்சிகளில் ஒன்று ஏதோவொரு பண்டிகைக்குச் சுற்றறிக்கை போட மறந்துவிட்டதென்று வையுங்கள்: மற்ற நான்கின் ஜனங்களும் பையை எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கே அங்கே வரிசையில் நிற்பார்கள்.