பேருந்து நிற்காத பசதி

கர்நாடகச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பேலூரையும் ஹளேபீடுவையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். ஹொய்சளேசுவரர் கோயிலில் ஒரு மணி நேரம், படம் பிடித்தல், இளநீர், மறுபடியும் பேருந்து. அங்கிருந்து சில நிமிட நடையில் மூன்று சமணப் பசதிகள் இருப்பதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

விஷ்ணுவர்த்தன மன்னரை நாம் இராமாநுசர் கதை வழியாகத்தான் அறிவோம். சமணராக இருந்தவர் வைணவரானார், பிறகு சமணர்களைக் கொடுமைப்படுத்தினார் என்று சிலர் கதையை நீட்டுவார்கள். கல்வெட்டுகள் வேறு செய்தி சொல்கின்றன.

1116இல் தலக்காட்டில் சோழர்களை வென்று தந்த தளபதி கங்கராஜா சமணர். அந்த வெற்றிக்கு அடுத்த ஆண்டு பேலூரில் சென்னகேசவர் எழுந்தருளினார். பட்டத்தரசி சாந்தலாவும் சமணரே. 1123இல் சிரவணபெளகொளாவில் பசதி கட்டியவர் அவர்.

கங்கராஜா மறைந்ததும், 1133இல், மகன் போப்பன் தந்தை நினைவாக ஹளேபீடுவில் பார்சுவநாதர் பசதியை எழுப்பினார். அதன் பிரசாதத்தை அர்ச்சகர்கள் பங்காபுரத்தில் இருந்த மன்னரிடம் கொண்டு போனார்கள். அப்போதுதான் அவர் ஒரு போரில் வென்றிருந்தார். இலட்சுமி தேவிக்கு மகனும் பிறந்திருந்தான். வைணவ மன்னர் எழுந்து கைகூப்பிப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு நற்செய்தியும் இந்தத் தெய்வத்தின் பிரதிஷ்டையால் வந்தவை என்று சொல்லி, தீர்த்தங்கரருக்கு விஜய பார்சுவர் என்றும் பிள்ளைக்கு விஜய நரசிம்மன் என்றும் பெயர் வைத்தார். கோயிலுக்கும் குழந்தைக்கும் ஒரே 'விஜய'!

வெளிச்சுவரில் ஹொய்சளேசுவரர் கோயிலின் சிற்ப நெரிசல் இங்கே கிடையாது. அழகெல்லாம் உள்ளே. நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டியும் மாக்கல்தான். இந்தத் தூண்களும் அதே இனக் கல். வெட்டும்போது மென்மை, காற்றுப் பட்டபின் உறுதி. அதனால்தான் மரம் கடைவதுபோல் கடைந்து, எதிரே நிற்பவரின் உருவம் தெரியுமளவு மெருகேற்ற முடிந்திருக்கிறது.

2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இனிக் கூட்டம் இன்னும் கூடும். பயணத்தைப் பதிவு செய்யும்போதே பசதிகளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே போன பிறகு கேட்டால், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.