எங்கள் வீட்டு நிலவறையும் அந்த 18 மாடியும்

போன மாதம் அப்பா ஒரு தாளும் பேனையுமாக என் அறை வாசலில் வந்து நின்றார். "இதிலை ஒரு கையெழுத்துப் போடு பிள்ளை." எங்கள் தெரு முடிகிற இடத்தில், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் பிளாசாவை இடித்து 18 மாடிக் குடியிருப்புக் கட்டப் போகிறார்கள். அதில் ஒரு பகுதி குறைந்த வாடகை வீடுகள். அதை எதிர்க்கும் மனு அது. ஏற்கெனவே 22 பேர் ஒப்பம் வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள்.

நான் போடவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் ஓடிவிடும், அதனால் அப்பாவுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. ஆறுதலாக இருந்து இங்கே எழுதுகிறேன். ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ பிரம்ரனிலோ இருக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் இப்படி ஒரு தாள் வரும்.

மனுவில் மூன்று தரம் வரும் சொல் "நெரிசல்". எங்கள் வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். மேலே அம்மம்மாவோடு சேர்த்து நாங்கள் 5 பேர். கீழே நிலவறையில் ஒரு அறையில் இரண்டு மாணவர்கள், மற்றதில் ஒரு அக்காவும் அவரின் சின்ன மகனும். மொத்தம் 9 பேர், வாசலில் 4 கார். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு இது. முன்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். நெரிசல் இந்தத் தெருவுக்கு வந்து இருபது வருடமாகிறது, அப்பா. நிலவறை ஜன்னல் சின்னது என்பதால் வெளியே தெரியவில்லை.

கீழே இருப்பவர்களின் வாடகை இல்லாவிட்டால் மேலே மோர்ட்கேஜ் கட்ட முடியாது. அது பாவமில்லை. அப்பா கெட்ட வீட்டுக்காரரும் இல்லை. தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு கீழேதான் போகும். ஆனால் அந்த அக்கா சட்டப்படியான ஒப்பந்தத்தோடு, வெயில் விழும் ஜன்னலோடு, தீ பிடித்தால் இறங்கி ஓட ஒழுங்கான படிக்கட்டோடு தெரு முனையில் குடியிருக்கக் கூடாது, எங்கள் காலடியில் இருந்தால் மட்டும் பரவாயில்லை என்றால், அதற்கு என்ன பெயர்?

அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் ஸ்காபுறோவில் 2024 மார்ச் 31 வரை அனுமதிக்கப்படவேயில்லை. தடை இருந்ததால் அவை இல்லாமல் போகவில்லை. புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை என்று முறையிட்டால் இருக்கிற அறையும் போய்விடும் என்ற பயத்தில் சனம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அந்தச் சனத்தில் எங்கள் ஆட்களும் எத்தனையோ பேர்.

அப்பா 1989இல் வந்து இறங்கியது வெலஸ்லியில், சென்ற் ஜேம்ஸ் ரவுணில். 1960களில் கட்டிய உயரமான தொடர்மாடிகள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழு பெடியள்; இரவு வேலைக்காரர் எழும்பிப் போன மெத்தையில் பகல் வேலைக்காரர் படுப்பாராம். கலியாண வீடுகளில் சித்தப்பாமாரோடு சேர்ந்தால் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அந்த மாடிகளைக் கட்டவிடாமல் யாரோ மனு எழுதி வென்றிருந்தால் அந்த ஏழு பேரும் எங்கே படுத்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். "அது வேறை காலம்" என்றார்.

மனுவில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்காபுறோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு ஓட்டம் நின்றது. அதன்பின் பஸ்ஸில் நெரிபட்டுப் போய்வந்தவள் நான். தம்பி படிப்பது பள்ளிக்கூட முற்றத்தில் வைத்த தற்காலிக அறையில். இவை உண்மையான குறைகள். ஆனால் இவற்றை உண்டாக்கியது இன்னும் கட்டாத கட்டடத்தில் இன்னும் குடிவராத சனமா? மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு பஸ் கேட்கவில்லை, ஒரு வகுப்பறை கேட்கவில்லை. ஆட்கள் வரவேண்டாம் என்று மட்டும்தான் கேட்கிறது.

"உயரம்தான் பிரச்சினை, ஆட்களில்லை" என்பார்கள். சரி. 2025 ஜூனில் ரொறன்ரோ நகரசபையில், ஒரு காணியில் ஆறு வீடுகள் வரை கட்ட விடலாமா என்று வாக்கெடுத்தார்கள். அது வெறும் சின்னக் கட்டடம், நிழல்கூடப் பெரிதாக விழாது. பழைய ரொறன்ரோவும் ஈஸ்ற் யோர்க்கும் சேர்ந்த பகுதிக்கும், ஸ்காபுறோ வடக்கு என்ற 23ஆம் வட்டாரத்துக்கும் மட்டும் அனுமதி கிடைத்தது. மற்றப் புறநகர் வட்டாரங்களுக்கு, விரும்பினால் பிறகு சேரலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆறுக்கே இந்தப் பாடு.

பக்கத்து வீட்டு அங்கிள் மறைக்கவில்லை. மனுவை வாங்க வந்தபோது வாசலில் நின்று, "வாடகைச் சனம் வந்தால் இடம் பழுதாப்போயிடும்" என்றார். அந்த நேரம் கீழே இருக்கும் அக்கா குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அங்கிளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

கட்டுகிற கொம்பனியை நம்பச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. "கட்டுப்படியாகும் வாடகை" என்பதை நகரசபை முன்பு சந்தையின் சராசரி வாடகையை வைத்து அளந்தது. 2021இல்தான் ஆட்களின் வருமானத்தை வைத்து அளக்க முடிவெடுத்தது. இங்கே எந்த அளவு? எத்தனை வீடுகள்? எத்தனை வருடத்துக்கு? நகரம் தன் சொந்தக் காணிகளில் கட்டும் திட்டத்தில் 99 வருடம் என்கிறார்கள். இங்கே பத்து வருடத்தில் வாடகை எகிறுமென்றால், அதற்கு எதிராக நானே மனு எழுதுவேன்.

ஒன்ராறியோ விதிப்படி இப்படியான அறிவித்தல் 120 மீற்றருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்குப் போகவேண்டும். எங்களுக்கு வந்தது அப்பாவின் பெயரில். கீழே இருக்கும் அக்காவுக்கு அதைக் காட்ட வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். "ஒரு அறை வீடு இருக்குமோ?" என்று கேட்டார்.

கூட்டம் வாற செவ்வாய்க்கிழமை. அக்காவும் வருகிறார். அப்பா எதிர்த்துக் கதைக்கப் போகிறார், நான் ஆதரித்து. மூன்று பேரும் ஒரே காரில்தான் போகிறோம். அங்கே பார்க்கிங் இல்லையாம்.