ஐந்தரை மணியா, ஒன்பது மணியா?

கொல்கத்தாவின் அலிப்பூரில் டூயல் அவென்யூ என்றொரு சாலை உண்டு. 1780 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் விடிகாலையில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் இப்பகுதியில்தான் கைத்துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்றனர். பிரான்சிஸ் காயமடைந்தார், ஆயினும் பிழைத்துக்கொண்டார். அந்தச் சண்டையின் நினைவாகவே சாலைக்கு அப்பெயர். இன்று அச்சாலையில் இருப்பது வானிலை ஆய்வு மையம். குளிர்காலத்தில் கொல்கத்தாவின் வெப்பநிலை என்று செய்தித்தாள்கள் வெளியிடுவது பெரும்பாலும் இந்த அலிப்பூர் அளவைத்தான்.

சென்ற டிசம்பரில் அதற்கு அருகிலுள்ள ஒரு தேநீர்க் கடையில் எங்கள் நண்பர் குழுவுக்குள்ளும் ஒரு சண்டை மூண்டது. துப்பாக்கி இல்லை; கையில் மண்குவளைத் தேநீர்தான். குளிர்கால விடுமுறையில் விடியுமுன் ஓடுவதா, வெயில் ஏறியபின் ஓடுவதா என்பதே வழக்கு.

முதலில் குழுவைப் பற்றிச் சில சொற்கள். மொத்தம் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற நாணயச்சாலை ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கணக்காயர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், இடமாற்றத்தில் இங்கு வந்து சேர்ந்த நான், இன்னும் மூவர். தாய்மொழி வங்காளம் சிலருக்கு, இந்தி சிலருக்கு, தமிழ் இருவருக்கு. டிசம்பர் இறுதியில் பள்ளிகள் மூடும் நாள்களில்தான் குழு முழுமையாகக் கூடும். தேசிய நூலகத்தின் வாயிலில் தொடங்கி, பெல்வெடேர் சாலை வழியாக மிருகக்காட்சிசாலையைக் கடந்து, ஆதிகங்கைப் பாலத்தைத் தாண்டி, குதிரைப் பந்தயத் திடலையும் விக்டோரியா நினைவகத்தையும் தொட்டுத் திரும்புவோம். ஏறக்குறைய ஐந்தாறு கிலோமீட்டர். இந்த ஊர்க்காரர்கள் பதினைந்து டிகிரிக்கே காதை மூடும் குரங்குக் குல்லாய் அணிந்துவிடுவர். முதல் ஆண்டில் நகைத்தேன், இரண்டாம் ஆண்டில் நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இக்குழுவில் ஓட்டத்தைவிடக் கூட்டமே முக்கியம். கல்லூரி மாணவியை அவருடைய தாயார் இருட்டில் தனியே அனுப்பமாட்டார். எட்டுப் பேருடன் என்றால் அனுப்புவார். ஆசிரியைக்கும் அவ்வாறே. நகரத்துச் சாலை எல்லோருக்கும் பொது என்கிறோம். விடியுமுன் அது எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்லை. மெதுவாக ஓடுபவர் எவரோ அவருடைய வேகமே குழுவின் வேகம் என்பது எங்களிடம் எழுதப்படாத விதி. தமிழருக்கு இது புதிதும் அன்று. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை உறங்கும் தோழியரை எழுப்புவதற்காகவே அமைந்தவை. முந்தி எழுந்தவள் தனியே போய்விடாமல், வாசல் வாசலாக நின்று அழைத்துச் செல்கிறாள். எங்கள் நாணயச்சாலைப் பெரியவர் ஐந்து மணிக்கே எட்டுக் கைப்பேசிகளையும் அலறவிடுவது அதே மரபில்தான் என்று அவரிடம் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்ததும் நானே.

கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் முன்னர், விக்டோரியா நினைவகத்தின் மதிலோரத்தில் ஆசிரியை திடீரென்று நின்றுவிட்டார். மூச்சு இழுத்தது, மார்பில் விசில்போல ஓசை. நெடுநாளாக அடங்கியிருந்த ஆஸ்துமா. அரைமணி நேரத்தில் மருத்துவரிடம் சேர்த்தோம். மாலையில் இல்லம் திரும்பிவிட்டார். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “எவ்வளவு தூரம் ஓடினீர்கள்?” என்பதன்று. “எத்தனை மணிக்கு ஓடினீர்கள்?” என்பதே. ஐந்தரை என்றதும் எங்கள் எல்லோரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மார்கழி விடியலில் காற்று மிகத் தூயது, அதில் ஓசோன் நிறைந்திருக்கிறது, ஆகவேதான் முன்னோர் அந்நேரத்தில் எழச் சொன்னார்கள் என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நானும் அதை என் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பிழை. நம்மைக் காக்கும் ஓசோன் படலம் இருப்பது ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். தரையருகே இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கானது; அதுவும் வாகனப் புகையின்மீது வெயில் படும்போது உண்டாவதால், விடியலில் குறைவாகவும் பிற்பகலில் மிகுதியாகவும் இருக்கும். முன்னோரின் விடியலில் தூய்மை இருந்ததற்குக் காரணம், அவர்களின் ஊரில் லாரிகள் இல்லாமையே.

குளிர்கால நகரத்தில் நடப்பது வேறு. இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்று பாத்திரத்தின் மூடிபோல அமர்ந்துவிடுகிறது. இரவெல்லாம் ஓடும் லாரிகளின் புகை, கரியடுப்புப் புகை, எரியும் குப்பை, கட்டுமானத் தூசி யாவும் மேலே செல்ல வழியின்றி அந்த மூடியின் கீழ் தேங்குகின்றன. கொல்கத்தாவில் டிசம்பர் இறுதியில் சூரியன் உதிப்பது ஆறேகால் மணியை ஒட்டி. அதன்பின் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் தரையைச் சூடாக்கிய பிறகே மூடி தளரத் தொடங்குகிறது. பனி என்று எண்ணி நாங்கள் ரசித்த வெண்மையில் பாதி புகை.

ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஓடும்போது அது ஐம்பது லிட்டரையும் தாண்டும். அதுவும் வாய் வழியே, மூக்கின் வடிகட்டலைத் தவிர்த்துவிட்டு. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த வழிகாட்டு அளவு 15. வணிகவியல் படித்தவனுக்கு இது எளிதில் விளங்கும் கணக்கு: வருமானப் பக்கத்தை மட்டும் எழுதி, தேய்மானத்தை எழுதாமல் லாபம் காட்டிக்கொண்டிருந்தோம்.

எனவே விடுமுறை நாள்களில் ஒன்பது மணிக்கு ஓடுவோம் என்றேன். எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஒன்பது மணிக்கு ஓடுவது ஓட்டமே அன்று என்றார் கணக்காயர். எழும் பழக்கம் ஒருமுறை தளர்ந்தால் ஜனவரியில் குழுவே கலைந்துவிடும் என்றார் பெரியவர். பெரியவரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தொடர் வைப்புக் கணக்கில் ஒரு தவணை தவறியவர் அடுத்ததையும் தவறவிடுவதை நாள்தோறும் காண்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வழியிலேயே இருக்கும் மிருகக்காட்சிசாலை 1876 இல் தொடங்கியது. டிசம்பர் 25 அன்றும் ஜனவரி முதல் நாளும் வங்காளம் முழுவதும் அங்கேதான் வந்து நிற்கிறதோ என்று தோன்றும். அந்நாள்களில் ஒன்பது மணிக்குமேல் பெல்வெடேர் சாலையில் நடப்பதே கடினம்.

மேலும், ஒரு நட்டத்தை நான் மறைக்கக் கூடாது. குளிர்கால விடுமுறை பள்ளிகளுக்குத்தான், வங்கிக்கு இல்லை. ஒன்பது மணி என்றால் வேலைநாள்களில் நான் வரவே இயலாது. சனி, ஞாயிறு, பண்டிகை நாள்கள் மட்டுமே எனக்கு மிஞ்சும். சனியிலும் இரண்டாவதும் நான்காவதும்தான். இதைச் சொன்ன பிறகே என் யோசனையைச் சிலர் செவிமடுத்தனர் என்று நினைக்கிறேன்.

நேரத்தை மாற்றுவது ஓட்டக்காரருக்கு இழிவன்று என்பதற்கு டெல்லியே சான்று. அங்குள்ள அரை மராத்தான் 2017 இல் நவம்பர் 19 அன்று கடும் புகைமூட்டத்துக்கிடையே நடைபெற்றது; அதைத் தள்ளிவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் வலியுறுத்தியிருந்தது. அடுத்த ஆண்டு அப்போட்டி அக்டோபருக்கு மாறிவிட்டது. பல்லாயிரவர் ஓடும் போட்டிக்கே மாதத்தை மாற்ற இயலுமென்றால், எட்டுப் பேர் மூன்றரை மணி நேரம் தள்ளிப்போவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

அதே சமயம், காற்று கெட்டுவிட்டது என்று வீட்டிலேயே முடங்குவதையும் நான் ஏற்கவில்லை. ஐம்பதை நெருங்கும் உடலுக்கு அசையாமையும் ஒரு நோய்தான். முகக்கவசமும் இங்கு உதவாது: துணிக் கவசம் நுண்துகளைத் தடுக்காது, தடுக்கும் கவசத்தை அணிந்து ஓட மூச்சு போதாது. ஆகவே பார்க்க வேண்டியது அளவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் விக்டோரியா, ஃபோர்ட் வில்லியம், ரவீந்திர சரோவர் ஆகிய நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. மூன்றும் எங்கள் சுற்றுவட்டாரமே. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பெரிய எழுத்தில் தெரியும் குறியீடு, துகள்களைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. நேற்றைய பிற்பகலின் நல்ல காற்று இன்றைய விடியலின் கெட்ட காற்றை அதில் மறைத்துவிடும். மாதச் சராசரி இருப்பைப் பார்த்துவிட்டு இன்றைய காசோலையை எழுதுவது போன்றது அது. அந்தந்த மணியின் பி.எம். 2.5 அளவையும் பார்ப்பதே முறை.

இதற்கிடையே இன்னொரு செய்தியும் தெரியவந்தது. பங்களா வாயில்களில் இரவுக் காவலர்கள் சருகும் அட்டையும் சில நேரம் பழைய டயர்த் துண்டும் எரித்துக் குளிர்காய்வார்கள். அந்தப் புகையைப் பற்றிப் புகார் செய்யலாம் என்றார் ஒருவர். “அவர்களுக்குக் கம்பளி கொடுத்தது யார்?” என்று ஆசிரியை கேட்டார். ஓடி முடித்து வெந்நீரில் குளிக்கப் போகிறவர்கள் நாங்கள். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் அவர்கள். எங்கள் வழியில் உள்ள ஆறு வாயில்களின் உரிமையாளர்களிடம் பெரியவரே நேரில் சென்று பேசினார். நான்கு இடங்களில் கம்பளிச் சட்டையும் ஒரு மின்கணப்பும் வந்தன. மற்ற இரண்டில் இன்னும் நெருப்புதான் எரிகிறது.

பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு யாருக்கும் முழு மகிழ்ச்சி தருவதாக இல்லை. விடுமுறையில் இருப்பவர்கள் ஒன்பது மணிக்கு, சாலையை விட்டு விலகி மைதானத்தின் புல்வெளியில் ஓடுவார்கள். அளவு வரம்பைத் தாண்டிய நாளில் ஓட்டம் கிடையாது, மெதுநடை மட்டும். குறியீடு 200 ஐக் கடந்தால் நடையும் இல்லை. ஆனால் தேநீர்க் கடைக்கு வந்தே தீர வேண்டும், வராதவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும். பெரியவரின் அச்சத்துக்கு நாங்கள் அளித்த பிணை இது. கிறிஸ்துமசன்றும் புத்தாண்டன்றும் அலிப்பூரை மிருகக்காட்சிசாலைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, லேக் மார்க்கெட்டுக்குப் போய் இட்லியும் காப்பியும் சாப்பிடுவது. இந்தப் பிரிவு மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

ஆசிரியை இவ்வாண்டு மீண்டும் வருகிறார். மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்து அவர் பையிலும் இன்னொன்று என் பையிலும் இருக்கும். பெரியவர் இப்போதும் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். எழுந்தவுடன் மூன்று நிலையங்களின் அளவுகளையும் ஒரு தாளில் குறித்துப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்புகிறார். நேற்று வந்த படத்தில் எண்களுக்குக் கீழே வங்காளத்தில் ஒரே வரி: இன்று தேநீர் மட்டும்.