'பண்பாடு' என்றால் சாதி மறைந்துவிடுமா?

வெள்ளைக்காரரிடம் எப்படிக் கைகுலுக்குவது, ஜப்பானியரிடம் எவ்வளவு குனிவது: 'பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடல்' என்ற பாடம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கூடவே ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் மதிப்பெண் பட்டியலும் வரும். ஐபிஎம் நிறுவன ஊழியர்களின் பதில்களை வைத்து நாடுகளுக்கு அவர் மதிப்பெண் போட்டார். மேல்-கீழ் அடுக்கை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவுகோலில் இந்தியாவுக்கு 77. 'இந்தியப் பண்பாடே அப்படித்தான்' என்று மாணவர் குறிப்பெடுத்துக்கொள்கிறார்.

நாங்கள் கேட்கிறோம்: ஏற்றது யார்? 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியவர்கள் ஏற்றார்களா? இரட்டைக் குவளையை எதிர்த்து அடிவாங்கியவர்கள் ஏற்றார்களா? அந்த ஐபிஎம் அலுவலகங்களுக்குள் சேரியிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்?

இப்படிக் கேட்கும் ஒரு பிரிவு அத்துறைக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பேராசிரியர் ரோனா ஹலுவலானி அதில் முக்கியமானவர். தாமஸ் நகாயமாவுடன் சேர்ந்து 2010இல் இத்துறைக்கு ஒரு பெரும் கையேட்டைத் தொகுத்தார். பண்பாடு என்பது எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட பழக்கம் அல்ல, அது அதிகாரப் போராட்டத்தின் களம் என்பதே இந்தப் பார்வையின் அடிப்படை.

ஹவாய்ப் பூர்வகுடிகளின் அடையாள அரசியல் பற்றி 2002இல் அவர் ஒரு நூல் எழுதினார். அங்கே 1921ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்குக் குறையாத பூர்வகுடி இரத்தம் இருந்தால்தான் குடியிருப்பு நிலம் என்றது. ஒருவர் யார் என்பதை அடுத்தவர் சட்டம் தீர்மானித்தது. நமக்குத் தெரியாத கதையா இது? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறித்தவரான தலித் இன்றுவரை பட்டியல் சாதிக்கு வெளியேதான் நிற்கிறார்.

சான் ஹோசே உள்ளிட்ட 23 வளாகங்களை அப்போது கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், 2022 ஜனவரியில் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. தலித் மாணவர்கள் முன்னின்று போராடிப் பெற்றது அது. அதே ஆண்டில் அங்கேயே பணிபுரியும் இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். இந்தக் கொள்கை இந்துக்களைக் குறிவைக்கிறதாம். ஒடுக்கியதைச் சுட்டிக்காட்டினால், ஒடுக்குகிறாய் என்று நம்மையே திருப்பிச் சொல்வது பழைய தந்திரம்.

சாதி பேசும் விதமே தனி. 'சொந்த ஊர் எது?', 'நீங்க சைவமா?' என்ற கேள்விகளும், தட்டிக்கொடுப்பதுபோல் தோளில் பூணூல் தேடும் கையும் தொடர்பாடல்தான். இவற்றைப் பாடத்தில் சேர்க்காத வகுப்பு தன்னை விமர்சன வகுப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மட்டும் அல்ல, இங்கேயும்தான்.

சாதி அமெரிக்க வகுப்பறைக்குப் புதிதும் அல்ல. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் மாணவர் அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். நூறு ஆண்டு கடந்தும் அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கத் தயங்குபவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.