வாடகைக்கு ஒரு வீடு

உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்துக் கையில் நாலு காசு சேர்ந்ததும் நம்மவர்களுக்குத் தோன்றுகிற முதல் யோசனை, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே என்பதுதான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. வீடு என்பது கண்ணுக்குத் தெரிகிற சொத்து. பாங்கிப் புஸ்தகத்தைப் போல் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டிருப்பதல்ல. உறவினர் வந்தால் அழைத்துப் போய்க் காட்டலாம். ஆனால் காட்டுவதற்காக வாங்கும் வீடு வேறு, வாடகைக்காக வாங்கும் வீடு வேறு என்பதைப் பலர் பத்திரம் முடிந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர் மனைவியாருடன் நம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு காகிதம். தாம்பரத்துக்கு அப்பால் ஓர் அடுக்குமாடி வீடு, விலை 60 லட்சம் ரூபாய். கையிருப்புப் போக 40 லட்சத்துக்குப் பாங்கியில் கடன். வாடகை மாதம் 16,000 நிச்சயம் என்று தரகர் சொல்லியிருந்தார். நண்பர், ‘வருஷ வருமானம் 1,92,000’ என்று எழுதி, அதன் கீழே ‘அட்வான்ஸ் 1,60,000’ என்றும் எழுதி இரண்டையும் கூட்டியிருந்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. கூட்டப்பட்டவைதாம் சரியாக இல்லை.

நாம் பேனாவை வாங்கிக்கொண்டோம். முதலில் விலை. முத்திரைத் தீர்வையும் சேர்ந்த வரியுமாக நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023-இல் நூற்றுக்கு 4-இலிருந்து 2-ஆகக் குறைந்தது. ஆக 9. அறுபது லட்சத்துக்கு இது 5,40,000. வீட்டின் அடக்கம் 65,40,000 ஆயிற்று. அடுத்தது வாடகை. ஒரு குடித்தனக்காரர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும். வருஷத்துக்குப் பதினொரு மாதம் என்றே கணக்கு வைக்க வேண்டும். 1,76,000. அதில் குடியிருப்போர் சங்கத்துக்கு மாதம் 2,000 வீதம் 24,000. சொத்து வரி 5,000. வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார், மின்சார ரிப்பேர் எல்லாவற்றுக்கும் ஒரு மாத வாடகையான 16,000. மிஞ்சியது 1,31,000. போட்ட முதலுக்கு நூற்றுக்கு இரண்டு! நூற்றுக்கு எட்டரை வட்டியில் இருபது வருஷக் கடனாக வாங்கிய 40 லட்சத்துக்கு மாதத் தவணையோ ஏறக்குறைய 34,700 ரூபாய். வீடு தன் கடனைத் தானே அடைத்துவிடும் என்று நண்பர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் மாதந்தோறும் சுமார் 24,000 ரூபாய் அவர் சம்பளத்திலிருந்தல்லவா போக வேண்டும்!

“விலை ஏறுமே?” என்றார் நண்பர்.

ஏறலாம். ஆனால் ஏறுவது நிலம். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகிறது. அடுக்குமாடி வீட்டில் நமக்குச் சொந்தமான நிலம், பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதியிருக்கிற அளவுதான். தளத்துக்குப் பளிங்கு போட்டிருக்கிறார்களா என்று விசாரிப்பவர்கள் இந்த அளவை விசாரிப்பதில்லை. மேலும் விலை எப்போதும் ஒரே திசையில் போவதன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பீதியில் சென்னை காலியானபோது, வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட காலம் திரும்ப வரும் என்று நாம் சொல்லவில்லை. நமக்குப் பணம் வேண்டிய அன்றைக்கே வீடு விற்றுக் கொடுக்காது என்று மட்டும் சொல்கிறோம்.

தஸ்தாவேஜு விஷயத்தில் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவென்று எண்ணக் கூடாது. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும்; பதிவாகாத உயிலும், பாகம் கேட்டு வரப்போகும் தங்கையும் அதில் தெரியமாட்டார்கள். ஆகையால் மூலப் பத்திரங்களின் அசலையே கண்ணால் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டும் வீடானால், 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி அந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக் கட்டடக்காரருக்கு உரிமை இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் மனைவியார், “அங்கே தண்ணீர் எப்படி?” என்றார். இருவரும் கொண்டுவந்த கேள்விகளில் உத்தமமானது இதுதான். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றார்கள். தண்ணீர் வந்தும் கெடுக்கும், வராமலும் கெடுக்கும் ஊர் இது. வாங்க நினைக்கும் வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது ஒரு முறையும், சித்திரை வெயிலில் ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். தரகர் அழைத்துப் போகும் தை மாதத்துக் காலைப் பொழுதில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். கீழே இருக்கும் காவற்காரரிடம் கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறதென்று கேட்டால், கட்டடக்காரர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

இனி, காகிதத்தில் கூட்டியிருந்த அந்த 1,60,000-க்கு வருவோம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றோ பத்தோ, அது நம் பணம் அன்று. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், யோக்கியர், பத்து மாத முன்பணத்தைப் பேத்தி கல்யாணத்தில் செலவழித்துவிட்டார். எட்டு மாதத்தில் குடித்தனக்காரருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் வந்தது. கைக்குழந்தையும் மனைவியுமாக லாரியில் சாமானை ஏற்றிவிட்டு அவர் வாசலில் நின்றார். அங்கே புது வீட்டுக்காரருக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பெரியவர் உள்ளே போய் மருமகளின் வளையலைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று அவரே பிற்பாடு நம்மிடம் சொன்னார். முன்பணம் வாங்கிய அன்றே அதைத் தனியாக வைப்புநிதியில் போட்டுவிட்டால் இந்தக் கதை இல்லை.

அதே சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. ரிப்பேர் பார்க்கவோ சோதனை செய்யவோ வீட்டுக்குள் போவதானாலும் இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும். ‘என் வீட்டுக்குள் நான் போக அனுமதியா?’ என்று கோபிப்பவர்கள் வாடகைக்கு விடாமலிருப்பதே நல்லது. சாவி கொடுக்கும் அன்று விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, மீட்டர் எண் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், சாவி திரும்பும் அன்று மனஸ்தாபம் வராது. ஒழுகுகிறது என்று சொன்னால் அந்த வாரமே ஆளை அனுப்பவேண்டும். நல்ல குடித்தனக்காரர் போய்விட்டால் ஒரு மாத வாடகை போகும், குழாய்க்காரர் கேட்பதோ சில நூறுதான்.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் வீட்டுக்காரர்கள் வந்தவரிடம், “நீங்கள் யாவர்? என்ன சாப்பிடுவீர்கள்?” என்று அரை மணி நேரம் பரீட்சை நடத்துகிறார்கள். எங்கே வேலை, முன்பு இருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு கேள்விகள் கேட்பவருக்கு அழகல்ல என்பது ஒருபுறமிருக்க, அவற்றால் வாடகையும் வசூலாவதில்லை.

வரி விஷயத்தில் மட்டும் சர்க்கார் சற்றுத் தயாளமாகவே இருக்கிறது: வாடகையிலிருந்து செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு 30-ஐ ரசீது கேளாமலே வருமான வரியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள்.

நண்பர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ‘அட்வான்ஸ்’ என்ற வரியைத் தாமே அடித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாங்கப் போகிறாரா இல்லையா என்று சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு நாள் அந்தத் தெருவரை போய் வரலாம், நீங்களும் வாருங்கள் என்று அவர் மனைவியார் நம்மை அழைத்திருக்கிறார்.